அறுந்த நரம்பு மீண்டும் வளருமா?

சப்பணமிட்டு நெடுநேரம் கச்சேரி கேட்டுவிட்டு எழுந்திருப்பவர் படும் பாட்டை நாம் எல்லோரும் அறிவோம். கால் மரத்துப்போய், வேறு யாருடைய காலோ போலத் தோன்றும். ஊன்றினால் தரை இருப்பதே தெரியாது. சற்று நேரம் சென்றபின் ஆயிரம் எறும்புகள் ஊர்வதுபோலக் குறுகுறுக்கும். அதன்பின் கால் மீண்டும் நம்முடையதாகிவிடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பு ஒன்று அழுந்தி, அதற்கு இரத்த ஓட்டம் குறைவதே இதற்குக் காரணம். நிமிடக் கணக்கில் முடிந்துவிடும் இந்தச் சிறு நாடகமே, கத்தியோ கண்ணாடியோ துப்பாக்கிக் குண்டோ தாக்கிய கையில் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நடைபெறுகிறது. அங்கும் முதலில் மரப்பு. முடிவில், நற்பேறு இருந்தால், எறும்பு. இடையில் நிகழ்வது என்ன என்பதை மனிதன் தெரிந்துகொள்ள ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

நாம் இங்கே பேசப்போவது மூளையைப் பற்றியோ முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தைப் பற்றியோ அன்று. அவற்றினின்று புறப்பட்டுக் கை கால்களுக்கும் தோலுக்கும் தசைக்கும் செல்லும் புற நரம்புகளைப் பற்றியே. தண்டுவடம் அறுந்தால் அது மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. புற நரம்பு வளரும். இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பழங்காலத்தார் நரம்பைத் தனியே அடையாளம் காணவே அரும்பாடு பட்டனர். நம் மொழியைப் பாருங்கள். யாழின் தந்தியும் நரம்பு. வயோதிகர் கையில் நீலமாகப் புடைத்திருக்கும் இரத்தக் குழாயையும் வீட்டில் நரம்பு என்றே சொல்கிறோம். வெற்றிலையிலும் நரம்பு உண்டு. கிரேக்கரின் ‘நியூரான்’ என்ற சொல்லும் இப்படியே தசைநாணையும் வில்லின் நாணையும் நரம்பையும் ஒருங்கே குறித்தது. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சம்ஹிதையில் ‘ஸ்நாயு’ என்பது தசைநாண் போன்ற கட்டு. அதே சொல் வங்கமொழியில் இன்று நரம்பைச் சுட்டுகிறது. ஆயினும் சுசுருதர் கண்டது ஒன்றுண்டு. உடலில் 107 மர்மங்களை எண்ணிய அவர், அவற்றுள் 44 இடங்களில் காயம்பட்டால் உயிர் போகாது, உறுப்பு ஊனமாகும் என்று தனியே பிரித்தார். பெயர் தெரியாவிடினும் விளைவைக் கண்டுகொண்ட கண் அது.

ரோமாபுரியில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர், நரம்பு மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வருகிறது என்பதை நன்கு உணர்ந்தவர். சிரியா நாட்டைச் சேர்ந்த பௌசானியஸ் என்ற அறிஞருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலின் பாதியும் மரத்துப்போயின. வைத்தியர்கள் விரல்களுக்கே மருந்து பூசிக்கொண்டிருந்தனர். காலன் அவரிடம், “முன்பு எங்கேனும் அடிபட்டதுண்டா?” என்று விசாரித்தார். வண்டியிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதியில் அடிபட்டது தெரியவந்தது. மருந்தை விரலிலிருந்து எடுத்து, கழுத்தின் அடியில் போடச் சொன்னார் காலன், நோயாளி குணமடைந்தார். விரல் மரத்தால் விரலைப் பாராதே, நரம்பு வரும் வழியைப் பார் என்ற இந்தப் பாடத்தை இன்றைய மருத்துவ மாணவனும் முதல் ஆண்டுகளிலேயே கற்கிறான். அந்த மருந்தினால்தான் குணம் கிட்டியதா, நாளடைவில் தானே கிட்டியதா என்று கேட்டால், நாம் இரண்டாவதையே நம்புவோம்.

இவ்வளவு கண்டும், அறுந்த நரம்பைத் தொடப் பெரும்பாலோர் துணியவில்லை. நரம்பில் ஊசி பட்டால் இசிவு கண்டு நோயாளி மாண்டுபோவான் என்ற அச்சம் பல நூற்றாண்டுகள் நிலவியது. அறுந்தது அறுந்ததுதான் என்று விட்டுவிட்டனர்.

இந்த நம்பிக்கையை அசைத்தவை லண்டனில் நடந்த நாய்ச் சோதனைகள். 1776இல் வில்லியம் குரூக்‌ஷாங்க் அறுந்த நரம்பின் இரு முனைகளுக்கிடையே புதிய பொருள் வளர்வதைக் கண்டார். ஆனால் அவர் கட்டுரை 1795 வரை அச்சேறவில்லை. அதே ஆண்டில் ஜான் ஹெய்ட்டன் என்பவர் ஐயத்துக்கு இடமில்லாமல் அதை நிறுவினார். கழுத்தின் இருபுறமும் இறங்கி இருதயத்துக்கும் இரைப்பைக்கும் செல்லும் நரம்பு இரட்டையை ஒரேசமயத்தில் அறுத்தால் நாய் இறந்துவிடும். ஹெய்ட்டன் முதலில் ஒன்றை அறுத்தார், ஆறு வாரம் கழித்து மற்றதை அறுத்தார், நாய் பிழைத்தது. பல மாதங்கள் சென்றபின் இரண்டையும் ஒருசேர அறுத்தார், நாய் மாண்டது. ஆகவே முதலில் அறுத்த நரம்பு வெறும் தழும்பால் ஒட்டியிருக்கவில்லை, வேலையும் செய்திருக்கிறது. தருக்கம் குற்றமற்றது. அந்த நாயை நினைத்தால் மட்டும் நமக்கு மனம் கூசுகிறது.

நரம்பு சேர்கிறது என்பது தெரிந்தது. எப்படிச் சேர்கிறது? அறுந்த கயிற்றை முடிச்சிடுவதுபோல இரு முனைகளும் ஒட்டிக்கொள்கின்றன என்றே பலரும் எண்ணினர். அதைத் தகர்த்தவர் அகஸ்டஸ் வாலர். லண்டனில் கென்சிங்டன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த இவர், தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, நாள்தோறும் உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். 1850இல் ராயல் சங்கத்துக்கு அவர் அறிவித்த செய்தி இது: மூளையோடு தொடர்புள்ள பகுதி நலமாக இருக்கிறது, அறுபட்டு அப்பால் கிடக்கும் பகுதியோ சில நாட்களில் திரிந்த பாலைப்போலத் துணுக்குத் துணுக்காகச் சிதைந்துவிடுகிறது. எவ்வளவு திறமையாகத் தைத்தாலும் அறுபட்ட வெளிப்பகுதி சாகத்தான் செய்யும். வாழ்வது வேரோடு இருக்கும் பகுதி ஒன்றே.

அப்படியானால் அந்த வெளிப்பகுதியால் பயனே இல்லையா? இங்கேதான் இயற்கையின் ஏற்பாடு நம்மை வியக்க வைக்கிறது. நரம்பு என்பது ஆயிரக்கணக்கான நுண்ணிய இழைகளின் கற்றை. ஒவ்வோர் இழையையும் சுற்றி, ஜெர்மானியராகிய ஷ்வான் 1839இல் விவரித்த உயிரணுக்கள் உறைபோல அமைந்திருக்கின்றன. இழை செத்தபின்னும் இந்த ஷ்வான் அணுக்கள் சாவதில்லை. சிதைந்த குப்பையை அகற்றுவதில் துணை நின்று, தாமும் பெருகி, வரிசையாக நின்று பாதை அமைக்கின்றன. நீர் வற்றிய வாய்க்காலைத் தூர்வாரி வைத்துக்கொண்டு மதகு திறக்கக் காத்திருக்கும் உழவரைப்போல அவை காத்திருக்கின்றன. மேற்பகுதியின் இழை முனை துளிர்விட்டு, இடைவெளியைக் கடந்து, அந்த வாய்க்காலுக்குள் நுழைந்து நகர்கிறது. அதன் முனையில் கூம்புபோன்ற ஒரு வளர்முனை உண்டு என்று 1890இல் ஸ்பெயின் நாட்டு கஹால் கண்டு எழுதினார். அறுந்த வெளிப்பகுதியே தனக்குள் புதிய இழைகளைப் படைத்துக்கொள்கிறது என்று வாதித்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தனர். 1907இல் அமெரிக்கரான ஹாரிசன், தவளைக் கருவின் நரம்பிழை ஒரு துளி நிணநீரில் உயிரோடு வளர்வதைக் கண்ணெதிரே காட்டினார். கஹால் 1913, 1914ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பெருநூலோடு அவ்வாதம் ஓய்ந்தது எனலாம்.

இவ்வளவையும் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் நரம்பைத் தைக்கும்போது நரம்பைக் குணப்படுத்துவதில்லை. வாய்க்காலை வாய்க்காலுக்கு நேராக வைக்கிறார், அவ்வளவே. பாய்வது நரம்பின் வேலை. நடுவே தழும்பு தடித்திருந்தால் இழைகள் வழி தெரியாமல் சுருண்டு, தொட்டாலே துடிக்கும் முடிச்சாகிவிடும். வாய்க்கால் மாறினாலும் தொல்லையே. மோதிரவிரலுக்குப் போகவேண்டிய இழை நடுவிரலுக்குப் போய்ச் சேர்ந்தால், ஒரு விரலைத் தொட்டபோது மற்றொன்றைத் தொட்டதுபோலத் தோன்றும். அதை மூளை புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் விரைவில் பழகுகின்றனர், முதியோர் சிரமப்படுகின்றனர்.

ஆய்வுக்கூடத்தில் தவளையும் நாயும் சொன்னதை மனித உடலில் காணும் வாய்ப்பை, வருந்தத்தக்க வகையில், யுத்தங்களே அளித்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் பிலடெல்பியா நகரில் நரம்புக் காயங்களுக்கென்றே டர்னர்ஸ் லேன் என்ற இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி இயங்கியது. வீர் மிட்செலும் அவருடைய இரு துணைவர்களும் அங்கே கண்டவற்றை 1864இல் நூலாக வெளியிட்டனர். நரம்பு முழுவதும் அறாமல் பாதி காயப்பட்டவர்களுக்கு வரும் எரிச்சல் வேதனையைப் பற்றி அவர்கள் எழுதியதைப் படித்தால் நெஞ்சு உருகும். உலர்ந்த துணி பட்டாலும், அறையில் ஒருவர் அழுத்தி நடந்தாலும் அச்சிப்பாய்கள் துடித்தனர். ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டே திரிந்தனர். நடையின் உராய்வு தாளாமல் பாதரட்சைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டவனும் உண்டு. வைத்தியர்கள் அதுவரை இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடுவதுண்டு. பாசாங்கு அன்று, நோய் என்று சொல்லி மிட்செல் அதற்கு ஒரு பெயரும் இட்டார். பெயர் இடுவதும் ஒருவகைச் சிகிச்சையே.

இனி நம் வரலாற்றில் மிக விந்தையான நிகழ்ச்சிக்கு வருகிறோம். லண்டன் ஆஸ்பத்திரியில் ஹென்றி ஹெட் என்ற மருத்துவர் நரம்பு அறுபட்ட தொழிலாளர் பலரைப் பரிசோதித்துவந்தார். இப்போது என்ன உணர்கிறாய், எங்கே உணர்கிறாய் என்று மணிக்கணக்கில் கேட்டால் அவர்கள் களைத்துவிடுவார்கள். சரியாகச் சொல்லவும் தெரியாது. சற்றுத் தேறியதும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? தம்மையே நோயாளியாக்கிக்கொள்ள ஹெட் தீர்மானித்தார். 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், தம் 41ஆம் வயதில், இடது முன்கையில் தோலுணர்ச்சி தரும் நரம்புகளை ஒரு ரண சிகிச்சை நிபுணரைக் கொண்டு அறுக்கச் செய்தார். முனைகள் பட்டு நூலால் உடனே தைக்கப்பட்டன.

சோதனை நடத்தியவர் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ரிவர்ஸ். இவர் நமக்குப் புதியவர் அல்லர். 1901–02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் இவரே. தோடர்களின் கண்பார்வை, தோலுணர்ச்சி, வலியுணர்ச்சி முதலியவற்றையும் அம்மலையில் அளந்து பார்த்தார். நீலகிரியில் பயன்பட்ட பொறுமை கேம்பிரிட்ஜிலும் பயன்பட்டது. ஹெட் லண்டனிலிருந்து ஓய்வு நாட்களில் ரயிலேறி வருவார், இளைப்பாறுவார், பிறகு கண்ணை மூடிக் கையை நீட்டி அமர்வார். ரிவர்ஸ் பஞ்சாலும் ஊசியாலும் மயிர்முனையாலும் குளிர்நீர்க் குழாயாலும் வெந்நீர்க் குழாயாலும் தொட்டுத் தொட்டு, கைமேல் எல்லைக் கோடுகள் வரைவார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் இது தொடர்ந்தது.

முதலில் முன்கையிலும் புறங்கையிலும் ஒரு பகுதி தொட்டாலும் குத்தினாலும் தெரியாமல் கிடந்தது. அழுத்தினால் மட்டும், ஆழத்தில் உள்ள வேறு நரம்புகளால், தெரிந்தது. ஏறக்குறைய ஆறு வாரத்தில் ஊசிமுனை தெரியத் தொடங்கியது. ஆனால் அது பழைய உணர்ச்சி அன்று. எங்கே குத்தினர் என்று சொல்ல முடியாது. பரவலாக, அருவருப்பாக, தாங்கொணாததாக இருந்தது. பஞ்சின் மெல்லிய தொடுகை தெரியவும், தொட்ட இடத்தைச் சுட்டிக் காட்டவும் ஓராண்டு, ஈராண்டு என்று காலம் சென்றது. 1908இல் இருவரும் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. உணர்ச்சி இருவகை, அவற்றுக்கு நரம்புகளும் இருவகை என்று ஹெட் முடிவு கட்டினார். அடுத்த ஆண்டே டிராட்டர், டேவிஸ் என்ற இரு மருத்துவர்கள் தம் தோல் நரம்புகளையும் அறுத்துக்கொண்டு சோதித்து, அம்முடிவை மறுத்தனர்! ஹெட்டின் கொள்கை இன்று நிற்கவில்லை. அவர் வைத்த நாட்குறிப்பு நிற்கிறது. நரம்பு திரும்பும்போது உணர்ச்சி ஒரேயடியாக வருவதில்லை, முதலில் கரடுமுரடாக வந்து பிறகு மெருகேறுகிறது என்பதை நோயாளியின் உள்ளிருந்தே சொன்ன சாட்சி அது.

முதல் உலக யுத்தம் வந்தது. 1915 மார்ச்சில் ஜெர்மன் மருத்துவர் பால் ஹாஃப்மன் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் தினெல் அதையே வெளியிட்டார். இருவரும் எதிரெதிர்ப் படைகளின் காயங்களைப் பார்த்தவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். காயம்பட்ட நரம்பின் வழியே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு போனால், ஓரிடத்தில், அந்நரம்பு செல்லும் தோலில் குறுகுறுவென்று உணர்ச்சி தோன்றும். இளம் இழைகளின் முனை அவ்விடம் வரை வந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. தினெல் அந்த உணர்ச்சிக்குப் பிரெஞ்சு மொழியில் இட்ட பெயரின் பொருள் எறும்பு ஊர்தல். சப்பணமிட்டு எழுந்த நம் பாட்டி சொன்ன அதே எறும்பு!

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆக்ஸ்போர்டு இதற்கு முக்கிய இடமாயிற்று. அங்கே ஹெர்பர்ட் செட்டன் நூற்றுக்கணக்கான வீரர்களைத் தொடர்ந்து பார்த்து, 1943இல் காயங்களை மூன்றாகப் பகுத்தார். நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டு உறங்கியவன் எழுந்ததும் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் திகைக்கிறானே, அது முதல் வகை. இழை அறவில்லை, செய்தி மட்டும் தடைப்பட்டது. சில வாரங்களில் தானே சரியாகும். இரண்டாவதில் இழை அறும், வாய்க்கால் உடையாது. கத்தி வைக்காமலே வளர்ந்து சேரும். மூன்றாவதில் எல்லாமே அறும். ரண சிகிச்சை இன்றி வழி இல்லை. 1951இல் ஆஸ்திரேலியரான சண்டர்லாண்ட் இதை ஐந்தாக்கினார். தொல்லை என்னவெனில், முதல் நாளில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். கை தொங்கும், அவ்வளவே. கண்ணாடி கீறிய காயமானால் உடனே திறந்து தைப்பது முறை. தோல் கிழியாத அடியானால், மருத்துவர் வாரக்கணக்கில், சிலசமயம் மூன்று மாதம் வரையில், பார்த்துக் காத்திருப்பார். வீட்டார் அதை அலட்சியம் என்று எண்ணுவதுண்டு. அது அலட்சியம் அன்று.

செட்டனும் அவருடைய துணைவர்களும் வேகத்தையும் அளந்தனர். அத்துணைவருள் ஒருவரான மெடாவர், பிற்காலத்தில், 1960இல், உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர். நரம்பு ஒருநாளில் வளர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், சற்றுக் கூடலாம். மாதத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். முழங்கையில் அறுந்த நரம்பு கையின் சிறு தசைகளை அடைய 30 சென்டிமீட்டர் போகவேண்டுமானால், கிளம்பும் தாமதம் நீங்கலாகவே 300 நாள். மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தோரம் நரம்பு பிய்ந்தால், கைக்கு 70 சென்டிமீட்டர், 700 நாள். இதற்கிடையே நரம்பில்லாத தசை சும்மா இருப்பதில்லை. மெலிகிறது, நாராகிறது. ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு கடந்தால் நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆளிராது. உணர்ச்சி இன்னும் நெடுநாள் சென்றும் திரும்பக்கூடும். தசைக்கு அந்தத் தவணை இல்லை.

பின்னர் வந்த சிகிச்சை முறைகள் யாவும் இந்தப் பந்தயத்தில் நேரத்தையும் தூரத்தையும் மிச்சப்படுத்த முயன்றவையே. 1960களில் நரம்பு ரண சிகிச்சைக்கு உருப்பெருக்கி வந்தது. தலைமயிரினும் மெல்லிய நூலால் தைக்கலாயினர். விலகிய முனைகளை இழுத்துப் பிடித்துத் தைத்தால் இரத்த ஓட்டம் குன்றித் தழும்பு தடிக்கிறது என்று கண்ட வியன்னா நகரத்து மில்லேசி, 1972இல், காலின் தோல் நரம்பொன்றை எடுத்து இடைவெளியில் பாலமாக வைக்கும் முறையை நிலைநாட்டினார். பாதத்தின் ஓரத்தில் சிறு மரப்பு, அதுவே அதற்குக் கொடுக்கும் விலை. 1994இல் பிரான்சில் ஒபெர்லினும் துணைவரும் தூரத்தையே குறைத்துவிட்டனர். கழுத்தில் பிய்ந்ததை விட்டுவிட்டு, கைக்குச் செல்லும் நல்ல நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு அத்தசையின் அருகிலேயே இணைத்தனர். கொடுத்த கை வலிமை குன்றவில்லை. முதலில் நோயாளி கையை இறுக்குவதாக எண்ணினால்தான் முழங்கை மடங்கும். நாளடைவில் எண்ணாமலே மடங்கும்.

நம் நாட்டில் நரம்பைக் கெடுத்த பெரும் பகைவன் குண்டும் கண்ணாடியும் அல்ல, குஷ்டநோய். 1873இல் நார்வேயில் ஹான்சன் கண்ட அக்கிருமி, மேலே நாம் புகழ்ந்த ஷ்வான் அணுக்களுக்குள்ளேயே குடிபுகுகிறது. முழங்கைக்கு அருகே நரம்பு தடித்து, விரல்கள் மடங்கி, கை மரத்துப்போகிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் அத்தகைய கைகளைக் கண்டார். விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் பொறுமையோடு ஆராய்ந்து, கெடுப்பது அழுகல் அன்று, வலி தெரியாமையே என்றார். கொதிக்கும் பாத்திரத்தை எடுத்தாலும் தெரியாது. ஆணி குத்தினாலும் தெரியாது. இரவில் உறங்கியவர்களின் விரலை எலி கடித்ததும் தெரியவில்லை. நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார் அவர். நரம்பு இனித் திரும்பாது என்ற கைகளில், நரம்பு நலமாயுள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றினார். 1948 முதல் வேலூரில் செய்யப்பட்ட அந்தச் சிகிச்சையால் மடங்கிய விரல்கள் நீண்டன. உணர்ச்சி திரும்பவில்லை, தொழில் திரும்பியது. நரம்பு வீக்கம் கண்ட சில மாதங்களுக்குள் தக்க மருந்து கொடுத்தால், நாண் மாற்றும் அவசியமே பலருக்கு நேர்வதில்லை.

இத்தனை கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் நரம்பு தைத்த கையோடு மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வருபவரை உட்கார வைத்து, மருத்துவர் முதலில் செய்வது 1915இல் இருவர் செய்ததையே. முன்கையின் கீழிருந்து மேலாக விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வருகிறார். “எங்கே குறுகுறுக்கிறது, சொல்லுங்கள்.” நோயாளி கண்ணை மூடிக் கவனிக்கிறார். “இதோ.” அவ்விடத்தில் பேனாவால் ஒரு புள்ளி இட்டு, தழும்பிலிருந்து அளந்து சீட்டில் குறித்துக்கொள்கிறார். சென்ற மாதம் குறித்த எண்ணைவிட இது ஓர் அங்குலம் கூடியிருக்கிறது.